பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் என்ன கேமரா, லென்ஸ் வைத்திருக்கிறீர்கள்? எப்படி எடிட் செய்கிறீர்கள்? பயணத்தில் எடுத்த படங்களை எங்கே சேமிக்கிறீர்கள்?

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். மூன்றாவதைப் பார்த்ததும்தான் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.

நீங்கள் இப்போதுதான் கேமரா வாங்கியிருப்பீர்கள், ராத்திரியெல்லாம் யூடியூபில் லென்ஸ் விமர்சனமாகப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி இருந்தவன்தான்.

என்னிடம் இருப்பது நிகான் டி5600. 2017இல் வாங்கியது. கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ், 70-300 ஜூம், அப்புறம் தனியாக வாங்கிய, ஜூம் ஆகாத 35 எம்எம் எஃப் 1.8. அவ்வளவுதான். ‘இன்னுமா டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ்ஸுக்கு மாறவில்லையா?’ என்று கேட்பவர்களுக்கு: மாறவில்லை. என் படங்கள் சுமாராக இருப்பதற்குக் காரணம் டிஎஸ்எல்ஆருக்குள் இருக்கும் கண்ணாடி இல்லை, நான். அது தெரிந்த பிறகு செலவு செய்ய மனம் வரவில்லை.

மூன்று லென்ஸில் 35தான் எப்போதும் மாட்டியிருக்கும். கிட் லென்ஸையும் அதே 35 எம்எம்மில் வைத்துப் பார்த்தால், அதைவிட இதில் சுமார் ஆறு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கோயில் மண்டபங்களில் அது பெரிய வித்தியாசம். கோபுரம் முழுசாக அடங்காது, பின்னால் நடந்துகொண்டே போக வேண்டும், அது வேறு விஷயம். 70-300இல் பூஞ்சை பிடித்துவிட்டது. நாகப்பட்டினத்தில் கடல் காற்றில் பீரோவுக்குள் லென்ஸை வைத்தால் பிடிக்காமல் என்ன செய்யும்? இப்போது எல்லாமே சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு ஒரு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கின்றன. அம்மா அதை ஊறுகாய் டப்பா என்றுதான் சொல்வார்.

எடிட்டிங் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் எல்லா ஸ்லைடரையும் வலது பக்கம் இழுத்துவிடுவேன். வானம் பெயின்ட் டப்பாவில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும், மனிதர்கள் எல்லாரும் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்பார்கள். இப்போது கேமரா மெருகேற்றாத ‘ரா’ (RAW) கோப்பாக எடுத்து, டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் (வண்ணச் சாயல்) சரிசெய்து, நிழலைக் கொஞ்சம் தூக்கி, சாய்ந்திருந்தால் நிமிர்த்துவதோடு சரி. மாதச் சந்தா கட்டும் மென்பொருள் இதைவிட வேகம் என்கிறார்கள். இருக்கலாம். கட்டுவதை நிறுத்திய மாதம் என் படத்தை என்னால் எடிட் செய்ய முடியாது என்பது எனக்கு ஒத்துவரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த கேமராவை நான் வாங்கியதே அப்பாவின் மணிவிழாவுக்காக. திருக்கடையூரில் செய்தோம். அபிராமி சன்னதி, கலச நீர், அறுபது வயதில் அப்பா அம்மாவுக்குத் தாலி கட்டும்போது இரண்டு பேருக்கும் வந்த வெட்கம், எல்லாம் என் கேமராவின் முதல் படங்கள். கேமரா தானாக வைத்த கோப்புப் பெயர்கள் டிஎஸ்சி_0001 முதல் முந்நூற்றுச் சொச்சம் வரை. வீட்டுக்கு வந்து ஹார்ட் டிஸ்கில் ‘நிகான்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு ஏற்றினேன். அதற்குப் பிறகு எடுத்ததெல்லாமும் அதே ஃபோல்டரில்தான். எண் வரிசையாக ஏறிக்கொண்டே போனதால் ஒரு தொல்லையும் இல்லை. ஒரே 16 ஜிபி கார்டு, நிறைந்தால் பழையதை அழித்து இடம் பண்ணுவேன்.

2019 ஜனவரியில், குடியரசு தின விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்து ஹம்பிக்குப் போனேன். ‘நீண்ட பயணம், பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று புதிதாக ஒரு 64 ஜிபி கார்டு வாங்கினேன். அந்தப் பாதுகாப்புதான் என்னைக் கவிழ்த்தது.

ஹம்பியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. விருபாட்சர் கோயிலில் பின்பக்கம் ஓர் இருட்டறை. சுவரில் ஒரு சின்னத் துளை. அதன் வழியே வரும் வெளிச்சத்தில் ஒன்பது நிலைக் கிழக்குக் கோபுரம் எதிர்ச் சுவரில் தலைகீழாக விழுகிறது. லென்ஸ் கிடையாது, மெகாபிக்சல் கிடையாது, கோயிலே கேமராவாக இருக்கிறது. ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 3200, ஷட்டர் பதினைந்தில் ஒரு பங்கு நொடி, தூணில் தோளைச் சாய்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். பன்னிரண்டு எடுத்ததில் இரண்டு ஆடாமல் வந்தன. நான் எடுத்த நல்ல படம் எது என்று கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் காட்டுவேன்.

அன்றைக்குக் காலை நாலரை மணிக்கே மாதங்க மலை ஏறியிருந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஹொசபேட்டை லாட்ஜில் கால் கடுக்க உட்கார்ந்து கார்டிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு, வழக்கம்போல ‘நிகான்’ ஃபோல்டருக்கு, படங்களை இழுத்து விட்டேன். ‘இதே பெயரில் கோப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன, மாற்றவா?’ என்று கேட்டது. காலையில் கொஞ்சம் ஏற்றியதைத்தான் கேட்கிறது என்று நினைத்து மாற்று என்று அழுத்திவிட்டுப் படுத்துவிட்டேன்.

புதுக் கார்டு போட்டால் எண் மறுபடி 0001இலிருந்து தொடங்கும்படி என் கேமராவில் ஒரு செட்டிங் இருந்திருக்கிறது. திருக்கடையூரின் 0001 மேல் ஹம்பியின் 0001 உட்கார்ந்துகொண்டது. 412 படங்கள். தாலி கட்டும் படம் இருந்த இடத்தில் ஹம்பியின் கல் தேர்.

இது தெரியவே பத்து நாள் ஆயிற்று. அதற்குள் அதே டிஸ்கில் மற்ற நாள்களின் படங்களையும் ஏற்றி, இருந்த காலி இடத்தையெல்லாம் நானே நிரப்பியிருந்தேன். அழித்த கோப்பு உடனே அழிந்துவிடுவதில்லை, அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை மீட்க வழி உண்டு, ஆகவே தவறு நடந்தால் முதலில் அந்த டிஸ்கைத் தொடாதே என்பதெல்லாம் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைப் பழைய கார்டில் ஓட்டிப் பார்த்தேன். அக்கா வீட்டு நாய் நாற்பது கோணத்தில் மீண்டு வந்தது. ஹார்ட் டிஸ்கைக் கடையில் கொடுத்ததில் சில படங்கள் வந்தன, மேல் பாதி பந்தல், கீழ் பாதி வெறும் சாம்பல் நிறம்.

‘ஒரே பிரதி வைத்திருந்தது உன் தப்பு, அதையும் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனது அதைவிடப் பெரிய தப்பு’ என்று கீழே எழுத வருபவர்களுக்கு: ஆமாம். அதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா, “விடுடா, படம் போனா கல்யாணம் நடக்கலன்னு ஆயிடுமா?” என்று சிரித்துவிட்டார். அம்மாதான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது, “அந்தக் கல்லு ஐந்நூறு வருஷமா அங்கேயேதானேடா இருக்கு” என்றார், அவ்வளவுதான்.

இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் தேதியும் ஊரும் போட்டுத் தனி ஃபோல்டர். எண் தொடர்ந்து ஓடும்படி செட்டிங்கை மாற்றிவிட்டேன். லேப்டாப் எடுத்துப் போவதில்லை. இரவில் கார்டு ரீடரை ஃபோனில் செருகி அன்றைய படங்களை ஒரு பென் டிரைவுக்கு ஏற்றுகிறேன். வீட்டுக்கு வந்து இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, இரண்டிலும் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மேட் செய்வது. ஒரு டிஸ்க் என்னிடம், இன்னொன்று தஞ்சாவூரில் அக்காவிடம். கூகுள் போட்டோஸில் 2021 ஜூனிலிருந்து 15 ஜிபி வரைதான் இலவசம், ரா படங்களுக்கு அது ஒரு வாரம் தாங்காது. அதனால் குடும்பப் படங்கள் மட்டும் அங்கே.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பல நாள் எரிச்சல். சுற்றிப் பார்க்கப் போகும் சில இடங்களில், கழுத்தில் இந்தக் கேமரா தொங்கினால் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் தனிக் கட்டணம், கட்டினாலும் வாசலில் ஒருவர் நிறுத்தி “பிரஸ்ஸா? பர்மிஷன் இருக்கா?” என்பார். என் கேமரா 24 மெகாபிக்சல். பக்கத்தில் ஒருவர் 200 மெகாபிக்சல் ஃபோனைக் குச்சியில் மாட்டி வீடியோ எடுத்துக்கொண்டே உள்ளே போவார். அவரை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. இதற்கு யாராவது காரணம் தெரிந்தால் சொல்லுங்கள்.

அப்பா 2021இல் போய்விட்டார். மாட்டுவதற்கு ஒரு படம் வேண்டும் என்றபோது மணிவிழாப் படம்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது. சித்தியின் ஃபோனில் நான் வாட்ஸப்பில் அனுப்பிய ஒன்று இருந்தது. 6000 பிக்சல் அகலத்தில் எடுத்தது, சுருங்கி 1600. பெரிதாகப் போடச் சொன்னேன். கடைக்காரர் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ஒரிஜினல் இல்லையா சார்?” என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் 6க்கு 4தான் நன்றாக வரும் என்றார். அந்த அளவில்தான் மாட்டியிருக்கிறோம்.