சாகா விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: என் மகன் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். பள்ளிக்குப் போகும் வழியில் உதிர்ந்து கிடக்கும் சிவப்புச் சாகா (மஞ்சாடி) விதைகளைச் சட்டைப்பை நிறையப் பொறுக்கி வருவான். ஈரப் பஞ்சில் பச்சைப்பயறு வைத்தபோது இரண்டே நாளில் முளைவிட்டது. அதேபோல் சாகாவையும் வைத்தான். மூன்று வாரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. "இது செத்த விதையாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். எனக்கு அறிவியல் தெரியாது, படித்ததும் தமிழில்தான். துணைப்பாட வகுப்பில் சேர்த்துவிடலாமா? – ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: செத்த விதை இல்லை. பெயரே சாகா விதை! (மலாய்ப் பெயர்தான். ஆனாலும் தமிழில் படித்தால் பொருந்தித்தான் வருகிறது.) மூன்று வாரம் ஈரத்தில் கிடந்தும் அதற்குள் இன்னும் தண்ணீர் போகவில்லை, அவ்வளவுதான்.

அறிவியல் தெரியாது என்கிறீர்கள். சுண்டலுக்குப் பயறு ஊறவைத்திருப்பீர்கள் அல்லவா? எல்லாம் ஊறி மெத்தென்று ஆன பிறகும் ஒன்றிரண்டு மட்டும் கல்லாகவே கிடக்கும். தெரியாமல் கடித்தால் பல் போய்விடும். அந்த ஒன்றிரண்டின் தோல் தண்ணீரை உள்ளே விடாத தோல். சாகாவில் கிட்டத்தட்ட எல்லா விதையுமே அப்படித்தான்.

காட்டில் இதற்கு ஒரு லாபம் உண்டு. எல்லா விதையும் ஒரே மழையில் முளைத்து, அடுத்த வாரம் வெயில் காய்ந்தால் மொத்தமும் போச்சு. தோல் மெல்ல மெல்லத் தேய்ந்து, ஒன்று இந்த ஆண்டும் இன்னொன்று பிறகொரு காலத்திலும் முளைத்தால் ஏதாவது ஒன்று பிழைக்கும். பயறு அப்படியில்லை. போட்டதும் முளைப்பதையே தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் வளர்த்து வந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் அவனிடம் உடனே சொல்லிவிடாதீர்கள். "தோலைக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் என்ன ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள். அவன் என்ன நினைக்கிறானோ அதை முதலில் ஒரு தாளில் எழுதி, தேதி போடட்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அழிக்க விடாதீர்கள்.

அப்புறம் இருபது விதை எடுங்கள். பத்தை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். விதையின் ஒரு முனையில் காம்பு ஒட்டியிருந்த சிறு தழும்பு தெரியும். வேர் கிளம்பும் இடம் அந்தப் பக்கம்தான், அதைத் தொடாமல் எதிர்ப்பக்கம் தேயுங்கள். சிவப்பு போய் உள்ளே வெளிர்நிறம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடலாம். மீதிப் பத்தை அப்படியே விடுங்கள். இரண்டு கூட்டத்தையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தேய்த்தவை உப்பியிருக்கும், மற்றவை பளபளவென்று அப்படியே இருக்கும். அதற்குப் பிறகு ஈரத் தாளில் சுற்றி, இரண்டு ஜிப் பையில் போட்டு, ஒரே சன்னலருகில் வையுங்கள். கிண்ணத்தில் தண்ணீர் தேக்கி வைக்க வேண்டாம். முளை வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். தேங்கிய தண்ணீரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கவும் அதே ஒரு வாரம் போதும். நம் ஊரில் அதற்கு அபராதமும் உண்டு.

ஒரு விதையோடு நிறுத்தாமல் ஏன் பத்து, ஏன் ஒரே சன்னல் என்று அவனே கேட்பான். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். பள்ளியில் 'நியாயமான சோதனை' என்று பின்னால் சொல்லித்தரப் போவது இதைத்தான்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. தேய்ப்பதற்கு முன் ஒவ்வொரு விதையையும் பாருங்கள். சாகா முழுச் சிவப்பு. சிவப்பில் ஒரு முனை மட்டும் கறுப்பாக இருந்தால் அது குன்றிமணி. கடும் நஞ்சு, அதுவும் தோல் உடைந்தால்தான் ஆபத்து அதிகம். அதைத் தேய்க்கவே கூடாது. சாகாவையும் வாயில் போடக்கூடாது, கையைக் கழுவச் சொல்லுங்கள். இயற்கைக் காப்பகங்களிலிருந்து இலையோ விதையோ எதையும் எடுத்து வரக்கூடாது. அங்கே பார்ப்பதோடு சரி.

பையில் விதை மிஞ்சியிருந்தால் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ நான்கு விதை ஒரு கிராம் வரும். தமிழ்நாட்டுப் பொற்கொல்லர்கள் மஞ்சாடி என்று எடைக்கல்லாக வைத்திருந்தது இதைத்தான். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது பழைய கணக்கு. பாட்டியிடம் கேட்டால் இன்னும் கூடச் சொல்வார்.

துணைப்பாட வகுப்பு இப்போது வேண்டாம் என்பேன். அறிவியல் பாடமே தொடக்கநிலை மூன்றில்தான் ஆரம்பிக்கிறது. பரீட்சைக்கான 'கீவேர்ட்' எல்லாம் பிறகு பழகிக்கொள்ளலாம். பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கிறானே, வீட்டில் தமிழில் பேசினால் குழம்பிவிடுவானோ என்ற பயமும் வேண்டாம். "தண்ணி உள்ள போகல" என்று அவன் பார்த்துச் சொன்னால் விஷயம் பிடிபட்டுவிட்டது. அதற்கான ஆங்கிலச் சொல்லை ஆசிரியர் தருவார். பார்க்கும் கண்ணை வகுப்பில் தருவது கடினம்.

தேய்த்த பத்தில் இரண்டு மூன்று முளைக்காமல் போகலாம். எண்ணிக்கையை அப்படியே எழுதட்டும். முளைத்ததைத் தொட்டியில் சில மாதம் வைத்துக்கொள்ளலாம். இருபது மீட்டர் போகும் மரம், வீவக அடுக்குமாடி வீட்டு நடைபாதைக்கு ஆகாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். காத்திருக்கும் பத்து நாளுக்கு வேலை வேண்டுமென்றால், சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் மாலையில் எத்தனை மணிக்கு மூடுகின்றன என்று தினமும் குறிக்கட்டும். மலாய்க்காரர்கள் அதற்கு 'ஐந்து மணி மரம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மேகம் கவிந்த நாளிலும் ஐந்து மணிதானா என்று பார்த்து எனக்கு எழுதச் சொல்லுங்கள்.