முகப்பில் கேழ்வரகு, உள்ளே மால்ட்: இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: எட்டு வயது மகளுக்குச் சீலியாக் நோய், கோதுமை, பார்லி ஆகாது. கேழ்வரகு, கம்பு படம் போட்ட 'சிறுதானிய ஃபிளேக்ஸ்' வாங்கிக் கொடுத்தோம். கடும் வயிற்றுப்போக்காகி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பாக்கெட்டின் பின்புறம் 'மக்காச்சோள ரவை 61%, சர்க்கரை, கேழ்வரகு மாவு 9%, கம்பு மாவு, மால்ட் சாறு, உப்பு' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. குளூட்டன் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள புரதம்) பற்றி ஒரு வரி கிடையாது. அதே நிறுவனத்தின் ஓட்ஸில் எந்த நாட்டுத் தானியம் என்ற விவரமும் இல்லை. வழக்குப் போடலாமா?
- வாசகர், சேலம்

பதில்: போடலாம். ஆனால் '9% தான் கேழ்வரகு' என்பதை முதல் புகாராக வைக்காதீர்கள். அளவைத்தான் அச்சிட்டிருக்கிறோமே என்று நிறுவனம் தப்பப் பார்க்கும். மால்ட்டைப் பிடியுங்கள்.

மால்ட் பெரும்பாலும் முளைகட்டிய பார்லியில் செய்வது. ஃபிளேக்ஸ் வகைகளில் மணத்துக்கும் நிறத்துக்கும் சேர்ப்பார்கள். கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற குளூட்டன் தானியங்கள் இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கையாக அதைத் தனியே அச்சிட வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகள். அது இல்லாத பாக்கெட், உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன்படி தவறான லேபிள் கொண்ட உணவு. பிரிவு 52-இல் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. படத்திலோ பெயரிலோ முன்னிறுத்தும் பொருளின் சதவீதத்தைச் சொல்லியாக வேண்டும். கம்பின் படம் இருக்கிறது, சதவீதம் இல்லை. சேர்மானங்களை அதிக அளவிலிருந்து இறங்குவரிசையில் எழுதுவதே விதி என்பதால், கம்பு 9 சதவீதத்தைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை. அதையும் புகாரில் எழுதுங்கள்.

அபராதம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. உங்களுக்கு உதவுவது அதே சட்டத்தின் பிரிவு 65: உடல் பாதிப்புக்கு 1 லட்சம் வரை, கொடுங்காயம் என்றால் 3 லட்சம் வரை இழப்பீடு. அதைவிட நுகர்வோர் ஆணையமே உங்களுக்குத் தோது என்பது என் கருத்து. எந்த ஆணையத்துக்குப் போவது என்பதைப் பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்தே பார்ப்பதால் மாவட்ட ஆணையம் போதும்; கட்டணமும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு. உணவுப் பாதுகாப்புத் துறை நடவடிக்கைக்கோ பொதுவாக ஓராண்டுதான், தள்ளிப்போடாதீர்கள்.

இத்தகைய வழக்குகள் தோற்பது சாட்சியத்தில்தான். திறந்த பாக்கெட்டைச் சோதித்தால் 'உங்கள் சமையலறையில் கோதுமை மாவு கலந்திருக்கும்' என்பார்கள். அதே பேட்ச் எண்ணில் பிரிக்காத பாக்கெட் தேடுங்கள். நீங்களே பகுப்பாய்வுக்கு அனுப்புவதானால், பிரிவு 40-இன்படி வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வாங்கி முடித்து வீட்டுக்கு வந்துவிட்டால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, அதே பேட்சில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். குளூட்டன் அளவைச் சோதிக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். பொதுச் சோதனையில் அதை விட்டுவிடக்கூடும்.

கடை ரசீது, பாக்கெட்டின் எல்லாப் பக்கங்களின் படம், பேட்ச் எண், 14 இலக்க உரிம எண், நோயை உறுதிசெய்த பழைய மருத்துவ அறிக்கை, இப்போதைய மருத்துவமனைச் சீட்டு எல்லாம் கைவசம் இருக்கட்டும். தயாரித்தவர், சந்தைப்படுத்தியவர் இருவர் பெயரும் பாக்கெட்டில் வேறுவேறாக இருந்தால் இருவருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள்.

ஓட்ஸ் விஷயத்தை இதில் கலக்க வேண்டாம். பாக்கெட்டாகவே இறக்குமதியான உணவில் நாட்டின் பெயர் கட்டாயம். வெளிநாட்டுத் தானியத்தை இங்கே பதப்படுத்தி அதன் தன்மையே மாறினால், பதப்படுத்திய நாடுதான் பிறப்பிடம் என்பது விதி. மற்றபடி, 'குளூட்டன் இல்லை' என்று அச்சிடாத ஓட்ஸை மகளுக்குக் கொடுக்காதீர்கள். அப்படி அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அச்சிட்டிருந்தாலும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.