கேளுங்கள், சொல்கிறேன்: பாலைவனத்தில் பழைய அரண்மனை அறைகள்

டிசம்பர் கடைசியில் ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் போகிறோம். கோட்டைக்குள்ளேயே ஹவேலி என்கிற பழைய முற்றத்து மாளிகை வீடுகளில் அறை கிடைக்கிறதாம். அங்கே தங்கலாமா, கீழே ஊரில் எடுக்கலாமா?
– வாசகி, மதுரை

கீழேயே எடுங்கள் அம்மா. வங்கி வேலையில் ஜோத்பூரில் இருந்த காலத்தில் ஊரிலிருந்து யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

1156-இல் ராவல் ஜெய்சல் என்ற அரசர் குன்றின் மேல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. இன்றைக்கும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன; சமணக் கோயில், மளிகைக் கடை, பள்ளிக்கு ஓடும் பிள்ளைகள் எல்லாம் உண்டு. சிக்கல் தண்ணீரில்தான். பல நூறு வருஷம் அடிவாரத்தில் இருக்கும் கடீசர் ஏரியிலிருந்து பெண்கள் தலையில் சுமந்து வந்த தண்ணீர்தான் மேலே புழக்கத்துக்கு. வடிகாலும் அந்த அளவுக்குத்தான். பிறகு குழாய் வந்தது. அப்புறம் நாம் வந்தோம், ஷவரும் ஃப்ளஷும் தினமும் துவைத்த படுக்கை விரிப்பும் கேட்டுக்கொண்டு. கசிந்த தண்ணீர் மணற்கல்லுக்கு அடியில் இருக்கும் களிமண்ணில் இறங்கி, குன்றே நெகிழ்ந்துபோனது. கொத்தளங்கள் சில சரிந்தன. ஆபத்தில் இருக்கும் நினைவுச்சின்னங்களின் உலகப் பட்டியலில் 1996-லேயே இந்தக் கோட்டை ஏறிவிட்டது. 2013-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாகவும் ஆனது. வடிகாலைச் சீராக்கும் வேலைகள் நடந்திருக்கின்றன. ஆனாலும் எனக்கு அங்கே குழாயைத் திறக்க மனம் வராது.

உள்ளே வீட்டை விடுதியாக்கிப் பிழைப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மழையே பெய்யாத ஊரில் வேறு வருமானம் ஏது? பகலில் அவர்களிடம் டீ குடியுங்கள், சால்வை வாங்குங்கள். ராத்திரி மட்டும் இறங்கி வந்துவிடுங்கள். இதில் உங்களுக்கும் லாபம் உண்டு. மொட்டைமாடி உள்ள விடுதியாகப் பார்த்து எடுத்தால், சாயங்கால வெயிலில் கோட்டை முழுவதும் மஞ்சளாய் எதிரே நிற்கும். உள்ளே இருந்தால் பல அறைகளில் பக்கத்து வீட்டுச் சுவர்தான் காட்சி.

ஒரு விஷயம்: மே மாதத்தில் உங்களைக் காப்பாற்றும் அதே கனத்த கல்சுவர் டிசம்பர் இரவில் குளிர்பெட்டிதான். ஆளுக்கு இரண்டு ரஜாய் (பஞ்சு வைத்த கனத்த போர்வை) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ராஜஸ்தானின் வடகிழக்கில் இருக்கும் ஷேகாவாட்டிப் பக்கம் ஹவேலியில் தங்க ஆசைப்படுகிறார். சரிவருமா?
– வாசகர், மன்னார்குடி

வரும். அறையை மட்டும் பார்த்து எடுங்கள். ஹவேலி என்பது மார்வாடி வியாபாரிகளின் வீடு. முன்முற்றம் ஆண்களுக்கும் வியாபாரத்துக்கும், பின்முற்றம் பெண்களுக்கு. மாடிப்படி குறுகல், ஒவ்வொரு படியும் உயரம். நிலைவாசல் தலையில் இடிக்கும். மாடியில் ஜன்னல் மாடம் வைத்த அறையை 'ஸ்பெஷல்' என்று காட்டுவார்கள், மயங்கிவிடாதீர்கள். முற்றத்தை ஒட்டிய தரைத்தள அறைதான் வேண்டும் என்று எழுத்திலேயே வாங்கிவிடுங்கள். சுவர் ஓவியங்களைப் பார்க்கவும் அதுதான் வசதி. அந்தப் பக்கத்து ஊரான மண்டாவாவின் தெருக்களில் கிருஷ்ணனும் கோபியரும் இருக்கும் சுவருக்குப் பக்கத்துச் சுவரில் ரயில் வண்டியும் மோட்டார் காரும் இருக்கும். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போய்ச் சம்பாதித்தவர்கள் ஊரில் காட்டிய பெருமை அது. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தே பாதியைப் பார்த்துவிடலாம். ஒட்டகச் சவாரி வேண்டாம். ஏறும்போதுகூடப் பரவாயில்லை, அது உட்காரும்போது இடுப்பு போய்விடும்.

உங்கள் ஊரிலிருந்தே ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோட்டிக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. கீழ் பெர்த் போட்டு அழைத்துப் போங்கள்.

எல்லா ஹோட்டலும் 'ஹெரிட்டேஜ்' என்கிறது. எதை நம்புவது?
– வாசகர், ஈரோடு

மத்திய சுற்றுலா அமைச்சகம் அந்தத் தரச்சான்றைத் தருவதற்கு, கட்டடம் 1950-க்கு முன் எழுந்ததாக இருக்க வேண்டும். சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். போன வருஷம் கட்டிய கான்கிரீட்டில்கூட மாடம் வைத்து, வாசலில் தலைப்பாகைக்காரர் ஒருவரை நிறுத்திவிட முடியும்.

ஜோத்பூர் உமைத் பவனில் ஒரு ராத்திரியாவது?
– வாசகி, கோவை

பணம் இருந்தால் தாராளமாக. எனக்கு அருங்காட்சியக டிக்கெட்டே போதுமாக இருந்தது. பஞ்சத்தில் வேலையில்லாமல் தவித்தவர்களுக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்று 1929-இல் தொடங்கி, 1943-இல் முடித்த 347 அறை மாளிகை அது. ஒரு பகுதியில் ராஜ குடும்பம், ஒரு பகுதியில் ஹோட்டல், இன்னொரு பகுதியில் அருங்காட்சியகம்.

சைவ உணவு கிடைக்குமா?
– வாசகர், கும்பகோணம்

கிடைக்குமாவா! நம் வன்னி மரத்தின் காயான சாங்ரியைக் காயவைத்து, கேர் என்ற காட்டுக்காயோடு எண்ணெயில் வதக்கித் தருவார்கள். கேர் சாங்ரி என்று கேளுங்கள். கம்பு ரொட்டிக்கு அதுதான் ஜோடி. காரம் நம் ஊர் அளவுக்கே இருக்கும், தயிரும் ஒரு கிண்ணம் சொல்லிவிடுங்கள்.