எனக்கு ஆங்கிலம் தெரியாது. பத்தாம் வகுப்பு மகனுக்கு ஆங்கில இலக்கணத்தை வீட்டில் எப்படிப் பழக்குவது?

கேட்டவர் சேலம் கொண்டலாம்பட்டியில் தறிக் குடும்பத்து அம்மா. மகன் தமிழ் வழியில் பத்தாவது. மற்ற பாடங்கள் பரவாயில்லை, ஆங்கிலத்தில் மட்டும் இலக்கணமும் வார்த்தைகளும் தடுமாறுகின்றன, டியூஷன் வைத்தே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் யாரும் கிடையாது. அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: உங்களால் முடியும். நீங்கள் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தம்பி ஒவ்வொரு விடையையும் எழுதியபின், "ஏன் இப்படி எழுதினே?" என்று தமிழில் கேட்டு, அவன் தமிழில் காரணம் சொல்லும்வரை விடாமல் இருந்தால் போதும். கைடில் இருக்கும் விடையை மனப்பாடம் செய்த பிள்ளையால் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. அந்த இடம்தான் அன்றைய பாடம். புரிந்து எழுதியவன் சொல்வதற்கும் புரியாதவன் மழுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் பெற்ற தாய்க்குத் தெரியாதா என்ன?

முதலில் தேர்வு எப்படி என்று பார்த்துவிடுவோம். 2019-20 கல்வியாண்டுக்கு முன்னால் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள். அதன்பிறகு ஒரே தாள், 100 மதிப்பெண், 35 எடுத்தால் தேர்ச்சி. பழைய இரண்டு தாள் காலத்து வினா வங்கியை யாராவது அன்பாகக் கொடுத்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள். இப்போதைய தாளில் முதல் பகுதி 14 ஒரு மதிப்பெண் கேள்விகள்: ஒரே பொருள் தரும் சொல், எதிர்ச்சொல், பன்மை, சுருக்கக் குறியின் விரிவு, ஃப்ரேஸல் வெர்ப், ப்ரெபொசிஷன், டென்ஸ் இப்படி. இரண்டு மதிப்பெண் இலக்கணக் கேள்விகளில் ஐந்து கொடுத்து மூன்று எழுதச் சொல்வார்கள். ஆக்டிவ் பேசிவ் (செய்வினை, செயப்பாட்டுவினை), டைரக்ட் இன்டைரக்ட் (நேர்கூற்று, அயற்கூற்று), நிறுத்தக்குறி, சிம்பிள் காம்ப்ளெக்ஸ் காம்பவுண்ட் (தனி, கலவை, தொடர் வாக்கியங்கள்), கலைந்த வார்த்தைகளை வரிசைப்படுத்துவது. வழி சொல்லும் ரோடு மேப் கேள்வி கட்டாயம். ஐந்து மதிப்பெண் பகுதியில் ஐந்து வாக்கியங்களில் பிழை திருத்தும் கேள்வி ஒன்று உண்டு. பாடமே படிக்காத பிள்ளைகூட இதில் மதிப்பெண் எடுக்கலாம். ஆனாலும் பலர் இதைக் கடைசியில்தான் தொடுகிறார்கள்.

உங்கள் வீட்டிலேயே தறி இருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஏனென்றால் பிள்ளைகளைப் பயமுறுத்தும் பேசிவ் வாய்ஸுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நாம் பேச்சில் "செய்யப்பட்டது" என்று அதிகம் சொல்வதில்லை. "அப்பா சேலை நெய்றாரு" என்போமே தவிர, "சேலை அப்பாவால் நெய்யப்படுகிறது" என்று யாரும் பேசுவதில்லை. அதனால் பிள்ளைக்கு அது வெறும் வாய்பாடாகவே நின்றுவிடுகிறது. தம்பியைத் தறிக்குப் பக்கத்தில் நோட்டோடு உட்காரச் சொல்லுங்கள். மை ஃபாதர் வீவ்ஸ் எ ஸாரி என்பதை எழுதட்டும். சேலையை முன்னால் கொண்டுவந்தால் எ ஸாரி இஸ் வோவன் பை மை ஃபாதர். இப்போது கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். தறியில் பாதி ஓடிக்கொண்டிருக்கும் சேலைக்கு இஸ் பீயிங் வோவன். நேற்று தறியிலிருந்து அறுத்த சேலைக்கு வாஸ் வோவன். முடிந்து மடித்து வைத்திருப்பதற்கு ஹேஸ் பீன் வோவன். பாவு (நீளவாக்கு நூல்) ஏற்றி இன்னும் ஆரம்பிக்காததற்கு வில் பி வோவன். தறியும் சேலையும் அதே. மாறுவது அந்தச் சின்ன வினைச்சொல் மட்டும்தான். நீங்கள் மடித்த சேலையைக் கையால் தொட்டு, "இதுக்கு எது?" என்று கேட்டால் போதும். உங்களுக்கு அந்த எழுத்துகள் தெரியவே வேண்டாம்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதையே காப்பியில் செய்கிறோம். பழம் பறிப்பது, தோல் உரிப்பது, கழுவுவது, களத்தில் காயவைப்பது என்று வரிசையாக எழுதச் சொன்னால், யார் செய்தார் என்பது முக்கியமில்லாத இடத்தில் பை போட்டு ஆளைச் சொல்ல வேண்டியதில்லை என்பதும் தானாகவே புரிந்துவிடுகிறது. அப்புறம் சமையலறைக்கு வாருங்கள். பிஸ்கட் பாக்கெட், டீத்தூள் பாக்கெட் எதைத் திருப்பினாலும் மேனுஃபேக்சர்ட் பை, பேக்ட் பை என்று இருக்கும். படித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். நூல் வாங்கும் பில்லில் ஜி.எஸ்.டி., பாஸ்புக்கில் ஐ.எஃப்.எஸ்.சி. இருக்கும். விரிவு கேட்கும் ஒரு மதிப்பெண் கேள்விக்கு இவையும் பயிற்சிதான்.

டைரக்ட் இன்டைரக்டில் தடுமாற்றம் வேறு மாதிரி. "நாளைக்கு வர்றேன்னு சொன்னான்" என்று நாம் சொல்லும்போது அவன் பேசியது அப்படியே இருக்கிறது. 'நான்' என்பதும் மாறவில்லை, 'நாளை' என்பதும் மாறவில்லை. ஆங்கிலத்தில் மூன்றும் மாறும்: ஆள், காலம், நாள். ஐ வில் கம் டுமாரோ என்பது ஹி செட் தட் ஹி வுட் கம் தி நெக்ஸ்ட் டே ஆகிறது. தம்பி எழுதிய ஒவ்வொரு விடையிலும் இந்த மூன்றையும் விரல்விட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேள்வி வாக்கியமாக இருந்தால் நாலாவதாக ஒன்று: வார்த்தை வரிசை சாதாரண வாக்கியம் போலத் திரும்பிவிடும், கேள்விக்குறி போய்விடும். இதில் மதிப்பெண் போவது பெரும்பாலும் கேள்விக்குறியை விட்டுவைப்பதால்தான்.

சிம்பிள், காம்ப்ளெக்ஸ், காம்பவுண்டுக்கு இலக்கண விளக்கம் படிப்பதைவிட, ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பழகுவது நல்லது. பலத்த மழை, இருந்தாலும் ஏற்காடு பஸ் வந்துவிட்டது. இன் ஸ்பைட் ஆஃப் போட்டால் சிம்பிள், தோ போட்டால் காம்ப்ளெக்ஸ், நடுவில் பட் போட்டால் காம்பவுண்ட். தோ போட்ட வாக்கியத்தில் பட்டும் சேர்ந்து வந்தால் பிழை. பிழை திருத்தும் கேள்வியில் அடிக்கடி வைப்பதும் இதைத்தான்.

பிழை திருத்தத்துக்கு நான் ஒரு தனி நோட்டே போடச் சொல்வேன். அங்கே வரும் தவறுகள் திரும்பத் திரும்ப ஒரே வகைதான். ஒன் ஆஃப் வந்தால் அடுத்த பெயர்ச்சொல் பன்மை, வினை ஒருமை. ஈச் வந்தாலும் வினை ஒருமை. சீனியர், ஜூனியருக்குப் பின்னால் தேன் (than) வராது, டு வரும். டிஸ்கஸுக்குப் பிறகு அபவுட் வேண்டாம். ஏ, ஆன் போடும்போது எழுத்தைப் பார்க்காமல் ஓசையைக் கேட்க வேண்டும். அதனால்தான் ஆன் ஹவர், ஏ யூனிவர்சிட்டி. மாதிரி வினாத்தாளில் தம்பி தவறவிட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் சரியான வடிவத்தில் இந்த நோட்டில் எழுதி, பக்கத்தில் காரணத்தைத் தமிழில் ஒரு வரி எழுதட்டும். அந்தத் தமிழ் வரியை நீங்கள் படிக்கலாம், கேள்வி கேட்கலாம். தேர்வுக்கு முந்தின நாள் வேறு எதையும் புரட்டாமல் இதை மட்டும் படித்தால் போதும்.

வார்த்தைகளுக்கு வருகிறேன். அகராதியிலிருந்து நாளொன்றுக்கு இத்தனை வார்த்தை என்று மனப்பாடம் செய்யும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேர்வில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதில் அடிக்கோடிட்ட சொல்லுக்குத்தான் பொருள் கேட்கிறார்கள். எனவே வார்த்தையை அது வரும் வரியோடு படிக்க வேண்டும். முதல் பாடத்தில் பறக்கப் பயந்து பாறை விளிம்பில் தனியாக நிற்கிறதே ஒரு கடற்பறவைக் குஞ்சு, அந்தக் காட்சி மனதில் இருந்தால் லெட்ஜ் என்ற வார்த்தை மறக்காது. பாடத்தில் கொடுத்திருக்கும் அருஞ்சொற்பொருளை ஒரு துண்டுத்தாளில் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாவு பிடிக்கும்போதோ தார்க் குச்சியில் நூல் சுற்றும்போதோ நீங்கள் தமிழைச் சொல்லுங்கள், அவன் ஆங்கிலத்தைச் சொல்லி, அது வரும் வரியையும் சொல்லட்டும். எழுத்துக்கூட்டல் மட்டும் வாயால் வராது. கையால் எழுதித்தான் ஆக வேண்டும்.

ரோடு மேப் கேள்விக்குச் சேலத்திலேயே பழகலாம். உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வழி எழுதட்டும், பள்ளியிலிருந்து திரும்பி வரும் வழியையும் எழுதட்டும். திரும்பும்போது வலது இடதாகிவிடும் என்பதைப் படம் வரைந்து பார்த்தால்தான் பிடிபடும். எங்கள் பிள்ளைகள் ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து ஏரிக்கு வழி எழுதுவார்கள். தெரிந்த தெருவாக இருப்பதால், எழுதியது தவறென்றால் உடனே சிரிப்பு வந்துவிடும்.

பழைய வினாத்தாள்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மாதிரி வினாத்தாள் புத்தகமும் இருக்கிறது. தேர்வு நெருங்கும்போது முழுத்தாளையும் மூன்று மணி நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். தேர்வில் எழுத ஆரம்பிக்கும் முன் வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடம் தருகிறார்கள். ஐந்தில் எந்த மூன்று இலக்கணக் கேள்வி என்பதை அப்போதே முடிவு செய்யும் பழக்கம் வீட்டிலேயே வர வேண்டும்.

டியூஷன் பற்றி. பிள்ளை எழுதிய நோட்டை வாங்கி, வரி வரியாகத் திருத்தித் தரும் ஒருவர் கிடைத்தால் தாராளமாக அனுப்புங்கள். கூட்டமாக உட்காரவைத்துக் கைடு விடையை வாசிக்கும் இடமென்றால் வேண்டாம், அந்த நேரம் வீட்டுத் தறியோரத்தில் இருக்கட்டும். பிழைத் திருத்த நோட்டை வாரம் ஒருமுறை பள்ளியில் ஆங்கில ஆசிரியரிடம் காட்டி ஒரு கையெழுத்து வாங்கி வரச் சொல்லுங்கள். இப்படித் தானாக எழுதிக்கொண்டு போய் நிற்கும் பிள்ளையை எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.