ஜூனில் இலங்கை: பறவை பார்க்கப் போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பெரும்பாக்கம் ஏரிக்கரையில் ஞாயிறு காலை எங்களோடு நடப்பவர்களில் சிலர் இந்தக் கோடை விடுமுறையில் இலங்கைக்குக் கிளம்புகிறார்கள். சீசன் இல்லாத மாதங்களில் நான்கு தடவை போய் வந்தவள் என்பதால் கேள்விகளை என்னிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அக்கா, பிள்ளைகளுக்கு மே கடைசியில்தான் தோது. அப்போது அங்கே மழைக்காலம், போகாதீர்கள் என்கிறார்களே? (வேளச்சேரி)

தாராளமாகப் போங்கள். அந்தத் தீவு முழுக்க ஒரே சமயத்தில் மழை பெய்வதில்லை. மே முதல் செப்டம்பர் வரை வீசுவது தென்மேற்குக் காற்று. கொழும்பு, காலி, சிங்கராஜக் காடு, மலைநாட்டின் மேற்குச் சரிவு எல்லாம் நனையும். நடுமலையில் மோதி ஈரத்தைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது அதே காற்று வறண்டு சூடாகிவிடும். அந்தப் பக்கத்துத் தமிழர்கள் அதைக் கச்சான் காற்று என்பார்கள். கேரளம் கொட்டும் ஜூனில் சென்னை காய்கிறதே, அதே கணக்குதான். ஆகவே திருகோணமலை, மட்டக்களப்பு, அறுகம்குடா என்று கிழக்கே திட்டம் போடுங்கள். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அங்கிருந்து அறுகம்குடா போக ஒரு பகல் முழுக்கக் காரில் போய்விடும். இடையில் எங்காவது ஓர் இரவு தங்கிவிட்டால் பிள்ளைகள் சோர மாட்டார்கள்.

வேடந்தாங்கலே ஜூனில் காலியாகிவிடுகிறது. அங்கே மட்டும் என்ன பறவை இருக்கும்? (மடிப்பாக்கம்)

வலசை வரும் பறவைகள் இருக்காது, உண்மை. ஆறுமணிக்குருவியைப் பார்க்க ஆசை என்றால் டிசம்பரில் போங்கள். ஆனால் உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் பறவைகள் முப்பதுக்கும் மேல் உண்டு. அவை எந்த மாதமும் எங்கும் போவதில்லை. அந்த நாட்டின் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழியைச் சாலையோரத்திலேயே பார்த்துவிடலாம்.

அதைவிடப் பெரிய காரணம் குமண. அறுகம்குடாவுக்குத் தெற்கே, பாணமை தாண்டி இருக்கும் தேசியப் பூங்கா அது. அங்கே மே, ஜூன்தான் கூடு கட்டும் காலம். குமண வில்லு என்ற நீர்நிலையில், அலையாத்தி மரங்களுக்கு மேலே சங்குவளை நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் அடுக்கடுக்காகக் குடியிருக்கும். வில்லு என்பது இயற்கையாக நீர் தேங்கும் பள்ளத்துக்கு அங்கே வழங்கும் பெயர். போன தடவை ஒரு சங்குவளை நாரையை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். உச்சி வெயில். வெயிலுக்கு முதுகைக் காட்டி, இறக்கையைப் பாதி விரித்து, அந்த நிழலில் இரண்டு குஞ்சுகளை நிறுத்தி வைத்திருந்தது. சூரியன் நகர நகர அதுவும் காலை மாற்றி மாற்றி வைத்து நிழலை நகர்த்தியது. வேடந்தாங்கலில் எத்தனையோ நாரை பார்த்திருக்கிறேன், இதை அங்கேதான் முதன்முதலாகக் கவனித்தேன்.

பூங்கா வாசலுக்கு அருகே உகந்தை முருகன் கோயில் இருக்கிறது. கதிர்காமத் திருவிழாவை ஒட்டி, ஜூன், ஜூலையில் யாழ்ப்பாணத்திலிருந்தே நடந்து வரும் அடியார்கள் இங்கே கூடி, குமண, யால காடுகள் வழியே கதிர்காமம் போவார்கள். அந்த நாட்களில் போனால் அவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். காட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது ஏராளம்.

சிங்கராஜாவை விட்டுவிடலாமா? (தாம்பரம்)

பிள்ளைகளோடு போகிறவர்கள் விட்டுவிடலாம். தனியாகவோ ஜோடியாகவோ போகிறவர்கள் நனையத் தயார் என்றால் இரண்டு இரவு தங்குங்கள். 1988-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான மழைக்காடு அது. அரை மணி நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அப்புறம் திடீரென்று மரம் முழுக்கப் பறவையாகிவிடும். ஆரஞ்சு அலகுச் சிலம்பனும் கொண்டைக் கரிச்சானும் முன்னே போக, பல இனங்கள் ஒரே கூட்டமாக இரை தேடி வரும். அட்டைக் கடி நிச்சயம். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், நகத்தை ஓரத்தில் கொடுத்து நகர்த்தி எடுங்கள்.

பைனாகுலர் எது வாங்கலாம்? (அம்பத்தூர்)

8x42. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர். காட்டின் மங்கல் வெளிச்சத்துக்கு அது போதும். பன்னிரண்டு மடங்கு என்று சொல்லி விற்பதைக் கையில் பிடித்தால் பறவை ஆடிக்கொண்டே இருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட வேண்டும். இன்னொன்று: ஏசி அறையில் வைத்துவிட்டு விடியற்காலையில் வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனி படியும். அது தெளிவதற்குள் நல்ல பறவை போய்விடும். இரவே பையோடு வராந்தாவில் வைத்துவிடுங்கள். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் இலங்கைப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், காட்டில் சிக்னல் கிடைக்காது.

சீசன் இல்லை என்றால் செலவு குறையுமா? (பல்லாவரம்)

மேற்கிலும் தெற்கிலும் குறையும். கிழக்கில் குறையாது. அறுகம்குடாவில் அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்கு அதுதான் சீசன், ஜூலை, ஆகஸ்டில் அறை கிடைப்பதே கஷ்டம். மே கடைசி, ஜூன் முதல் வாரம் என்றால் பேரம் பேசலாம்.

யானை பார்க்க வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள். (குரோம்பேட்டை)

அப்படியானால் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போடுங்கள். மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியா குளத்தில் தண்ணீர் வற்ற வற்றப் புல் முளைக்கும். அதைத் தேடி நூற்றுக்கணக்கில் யானைகள் வரும். மாலை மூன்று மணிக்கு மேல் ஜீப்பில் போங்கள். தெற்கே யால பூங்காவுக்கும் போவதென்றால் செப்டம்பர் வேண்டாம், அதன் முக்கியமான பகுதியை வழக்கமாக அப்போது மூடிவிடுவார்கள்.

போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைத்துப் படம் எடுக்கலாமா அண்ணி? (பெருங்களத்தூர்)

வேண்டவே வேண்டாம் தம்பி. நீங்கள் போவது கூடு கட்டும் நேரம். தன் எல்லைக்குள் இன்னொரு பறவை வந்துவிட்டது என்று நினைத்து, தாய் கூட்டை விட்டுச் சண்டைக்குக் கிளம்பும். அந்த ஐந்து நிமிடம் குஞ்சுகள் வெயிலில் கிடக்கும், காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டுக்குத் தள்ளியே நில்லுங்கள், ஜீப் ஓட்டுபவர் நெருங்கிப் போகலாம் என்றாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.