அம்மாவிடம் என்ன சொல்லி எடுத்தீர்கள்?

கேள்வி: விஸ்காம் இறுதியாண்டு மாணவன் நான். அமெரிக்க நகைச்சுவையாளர் பில் மாரின் ‘ரிலிஜுலஸ்’ (2008) படப் பாணியில், கடவுள் நம்பிக்கையைக் கிண்டலடிக்கும் ஆவணப்படம் எடுத்திருக்கிறேன். வீட்டு ஞாபகத்துக்கு என்று சொல்லி, அம்மாவிடமும் தீமிதி பற்றி 40 நிமிடம் பேட்டி எடுத்தேன். படத்திலேயே அதிகச் சிரிப்பு வரும் இடம் அதுதான். திரையிடக் கூடாது என்கிறார் அப்பா. கருத்துச் சுதந்திரம் வீட்டுக்குள் கிடையாதா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: கருத்துச் சுதந்திரம் இருக்கட்டும் தம்பி. ‘வீட்டு ஞாபகத்துக்கு என்று சொல்லி’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதற்குப் பெயர் பொய். பெற்றவளிடம் சொன்ன பொய். பெரியார் பிறந்த ஊர்க்காரர் நீங்கள். அவர் கடவுள் இல்லை என்பதை மேடையேறி, முகத்துக்கு நேராகச் சொன்னவர்.

மாரின் குழுவும் ‘ஒரு ஆன்மிகப் பயணம்’ என்று வேறு தலைப்பைச் சொல்லித்தானே பேட்டி வாங்கியது என்பீர்கள். வாங்கியது, அதுவும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தன் அம்மாவிடம் அவர் எப்படிப் பேசினார் என்று திரும்பப் பாருங்கள். குடும்பம் போய்வந்த தேவாலயத்திலேயே அம்மாவையும் சகோதரியையும் உட்காரவைத்துக் கேட்கிறார். மகன் மதத்தை எப்படிக் கிண்டலடிப்பவர் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும்.

அந்தப் படத்தில் பாதிச் சிரிப்பு எடிட்டிங்கில் பிறந்தது. ஆள் பேசும்போதே பழைய படத் துண்டு குறுக்கே வந்து விழும். கீழே ஓடும் எழுத்து அவரை மறுக்கும். உங்கள் அம்மா யோசித்த நாலு விநாடியை வைத்துக்கொண்டு, அதற்குப் பின் சொன்ன பதிலை வெட்டியிருந்தால், அவர் என்ன, எவருமே அசடாகத்தான் தெரிவார். வெட்டிய இடங்களில் முழுப் பதிலையும் திரும்ப ஒட்டிப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் அது நியாயமான சிரிப்பு.

பிறகு அம்மாவைத் தனியாக உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். வெறும் பேட்டியை அல்ல; இசை, எழுத்து, செருகிய துண்டுகள் எல்லாம் சேர்ந்த வடிவத்தை. கல்லூரியிலா, விழாவிலா, யூடியூபிலா, எங்கே போடப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சம்மதித்தால் தமிழிலேயே ஒரு பக்கம் எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஒரு இடத்தை எடுக்கச் சொன்னால் டிரெய்லரிலிருந்தும் எடுங்கள். பலர் மறப்பது அங்கேதான். மொத்தமாக வேண்டாம் என்றால் 40 நிமிடமும் போச்சு. வேறு ஆளைத் தேடுங்கள், இந்தத் தடவை உண்மையைச் சொல்லி.

அம்மாவின் சாமியைக் கேள்வி கேட்க மகனுக்கு உரிமை உண்டு. அவர் அறியாமல் ஊரைச் சிரிக்கவைக்க உரிமை இல்லை. அப்பாவோடு மல்லுக்கட்டுவதையும் நிறுத்துங்கள். அனுமதி தர வேண்டியவர் அவர் இல்லை.