செக்பாக்ஸ் மட்டும் சிஎஸ்எஸ் சொல்வதைக் கேட்பதில்லையே, ஏன்?

இணையப் பக்கத்தில் மற்ற எல்லாவற்றின் தோற்றமும் மாறும்போது செக்பாக்ஸ் (டிக் செய்யும் சிறு கட்டம்) மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது என்பதே கேள்வி. சிஎஸ்எஸ் என்பது இணையப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் விதிகளின் தொகுப்பு. தலைப்பையும் பத்தியையும் உலாவி அந்த விதிகளின்படியே வரைகிறது. ஆனால் செக்பாக்ஸ், ரேடியோ பட்டன் (பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சிறு வட்டம்) போன்றவை பயனர் தம் கணினியில் பார்த்துப் பழகிய வடிவிலேயே இருக்கட்டும் என்று, தொடக்க காலத்தில் உலாவி அவற்றின் உருவத்தை விண்டோஸ் போன்ற இயங்குதளத்திடமிருந்தே பெற்றது. அந்த வழக்கம் இன்னும் முழுதாக விலகவில்லை.

செக்பாக்ஸின் நிலை வாடகை வீட்டு மின் மீட்டரைப் போன்றது. பெங்களூர் அல்சூரில் வாடகைக்குக் குடியிருப்பவர் சுவருக்கு விரும்பிய வண்ணம் பூசலாம் (வீட்டுக்காரர் சம்மதிப்பது தனிக் கதை); மின் நிறுவனம் முத்திரையிட்ட மீட்டரின் மேல் கை வைக்க முடியாது. அதைச் சுற்றி அழகான மரப்பெட்டி செய்யலாம். ஆனாலும் கணக்கெடுக்க வருபவருக்கு எண் தெரிந்தாக வேண்டும்.

நிறம் மட்டும் மாறினால் போதுமென்றால், 2021 முதல் உலாவிகளில் வரத் தொடங்கிய ‘ஆக்சென்ட்-கலர்’ என்ற ஒரே வரி போதும். வடிவமே மாற வேண்டுமென்றால், ‘அப்பியரன்ஸ்’ பண்புக்கு ‘நன்’ என்ற மதிப்பைக் கொடுத்து இயல்புத் தோற்றத்தை நீக்கிய பின், டிக் செய்த நிலைக்கும், விசைப்பலகை வழியாக அங்கே வந்து நிற்கும் நிலைக்கும் தனித்தனியே விதி எழுத வேண்டும். இரண்டாவதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

செக்பாக்ஸை ‘டிஸ்ப்ளே: நன்’ கொண்டு மறைத்து, அதன் இடத்தில் ஒரு படத்தை வைத்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அப்படி மறைத்ததை டேப் விசையால் அடையவும் முடியாது, திரைவாசிப்பான் (பார்வையற்றோருக்குத் திரையில் இருப்பதை வாசிக்கும் மென்பொருள்) அதைப் படித்துச் சொல்வதும் இல்லை.